எம்ஜிபி ரோட்ஸ்டரில் ஸ்காட்லாந்து சுற்று: பலரும் சொதப்பும் இடங்கள்

மே மாதம் பிறந்தால் பிரிட்டனின் பழைய கார் கிளப்காரர்களுக்கு வீட்டில் கால் நிற்காது. பலரும் வண்டியை வடக்கு ஸ்காட்லாந்துக்குத் திருப்புவார்கள். அங்கே 2015-ல் அறிமுகமான நார்த் கோஸ்ட் 500 என்ற சுற்றுப்பாதை, இன்வெர்னெஸ் கோட்டையில் தொடங்கி 516 மைல் சுற்றி அங்கேயே வந்து முடிகிறது. சுமார் 830 கிலோமீட்டர்.

இந்த மாதிரிப் பயணங்களில் அடிக்கடி கண்ணில் படும் கார் எம்ஜிபி ரோட்ஸ்டர், கூரையை மடக்கித் திறந்து ஓட்டும் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். 1962 முதல் 1980 வரை, மூடிய ஜிடி வகையையும் சேர்த்து, 5 லட்சத்துக்கு மேல் வந்தன. உதிரி பாகம் இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது. ஆனாலும் முதல் நாளே ரெக்கவரி லாரியில் ஏறும் வண்டிகள் உண்டு. வயதைக் குறை சொல்லிப் பயனில்லை. குளிர்காலம் முழுக்க ஷெட்டில் கிடந்துவிட்டு நேரே மலைக்கு வந்தால் எந்தக் கார்தான் தாங்கும்?

அதைவிட மோசம், கிளம்பும் வாரத்தில் வண்டியில் கை வைப்பது. புது ஹோஸ், புது பாயிண்ட்ஸ் (இக்னிஷனின் மின் தொடுமுனைகள்), கார்புரேட்டர் ட்யூனிங் எல்லாம் கடைசி இரண்டு நாளில் நடக்கும். சரியாக முறுக்காத கிளிப்பும் மட்டமான புதுப் பாகமும் முதல் 100 மைலில்தான் பல்லைக் காட்டும். மூன்று வாரம் முன்னாலேயே வேலையை முடித்துவிட்டு, ஒருநாள் முழுக்க ஓட்டிப் பாருங்கள். நெடுஞ்சாலையிலும் போங்கள், நெரிசலிலும் நில்லுங்கள், வெப்பமானியில் ஒரு கண் இருக்கட்டும். பிரேக் ஆயிலை மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தால் மாற்றிவிடுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நீண்ட இறக்கத்தில் சூடேறிக் கொதித்தால் பெடல் தரையைத் தொடும்.

உதிரி பாகம் என்று டிக்கியை நிரப்ப வேண்டாம். இக்னிஷனுக்கான ரோட்டார் ஆர்ம், பாயிண்ட்ஸ், கண்டென்சர், அப்புறம் ஃபேன் பெல்ட், ஃப்யூஸ், கொஞ்சம் கூலன்ட் போதும். இவற்றைவிட முக்கியம், காரின் சத்தம் தெரிந்திருப்பது. எம்ஜிபியில் இருக்கும் எஸ்யூ நிறுவனத்தின் மின்சார பெட்ரோல் பம்ப், சாவியைத் திருப்பியதும் பின்பக்கத்திலிருந்து டிக் டிக் என்று துடித்து, கார்புரேட்டர் நிரம்பியதும் ஓயும். சத்தமே இல்லையென்றால் பம்புக்குள் இருக்கும் மின் தொடுமுனை ஒட்டியிருக்கலாம். ரப்பர் சுத்தியலால் லேசாக ஒரு தட்டு, பெரும்பாலும் எழுந்துவிடும். ஓயாமல் துடித்துக்கொண்டே இருந்தால் டேங்க் காலி, அல்லது எங்கோ கசிவு. கசிவு என்றால் சாவியை உடனே அணைத்துவிடுங்கள்.

பெட்ரோலிலும் கவனம் தேவை. பிரிட்டனில் 2021 முதல் சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் உண்டு. பழைய ரப்பர் குழாய்களை அது அரிக்கும். சூப்பர் ரகம்தான் பாதுகாப்பு. வடமேற்கில் பெட்ரோல் பங்க் குறைவு, பாதி டேங்க் ஆனதுமே நிரப்பிவிடுவது நல்லது.

கூரையைக் கையாளுவது தனிக் கலை. நனைந்த துணியை மடித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும். குளிரில் விறைத்த பிளாஸ்டிக் பின்ஜன்னலை மடக்கினால் விரிசல் விடும். இடையில் ஒரு மென்துணி வைத்து வெயிலில் மடிப்பதே சரி. கூரையைத் தூக்கி மாட்டுவதை வீட்டு வாசலிலேயே பழகிவிடுங்கள், தூறலில் நின்றுகொண்டு பட்டனைத் தேடுவது கொடுமை. அப்புறம் மிட்ஜ் என்ற, கொசு மாதிரிக் கடிக்கும் பொடிப் பூச்சி. வண்டி ஓடும்வரை அண்டாது. ஜூன், ஜூலை மாலையில் காற்றில்லாத இடத்தில் நிறுத்திப் பாருங்கள், கூட்டமாக வந்து மொய்த்துவிடும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, பத்து கார்கள் ஒட்டிக்கொண்டு ரயில் வண்டி மாதிரி போவது. படத்துக்கு அழகு, சாலைக்குத் தொல்லை. இதே சுற்றுப்பாதையில், ஆப்பிள்கிராஸ் கிராமத்துக்குப் போகும் பியாலக் ந பா கணவாயை எடுத்துக்கொள்ளுங்கள். கடல் மட்டத்திலிருந்து 626 மீட்டர் ஏறும் ஒற்றைத்தட மலைப்பாதை. சில இடங்களில் ஐந்தடி போனால் ஓரடி ஏற்றம். எதிரே வண்டி வந்தால் ஒதுங்க ஆங்காங்கே சின்ன இடம் விட்டிருக்கிறார்கள். அதில் ஒன்றிரண்டு கார் நிற்கும், பத்து எப்படி நிற்கும்? எதிரில் வருபவர் வளைவில் பின்னோக்கி ஊர வேண்டியதாகிறது. மூன்று மூன்றாகப் பிரிந்து, கால்மணி நேர இடைவெளி விட்டுக் கிளம்புங்கள். பின்னால் வரும் உள்ளூர்க்காரருக்கும் ஒதுங்கி வழிவிடுங்கள். அவர் தபால்காரராகவோ டாக்டராகவோ இருக்கலாம். ஒதுங்கும் இடத்தில் நிறுத்திப் படம் எடுப்பது சுத்த அநாகரிகம். இறங்கும்போது, ஏறிய அதே சின்ன கியரிலேயே இறங்குங்கள்.

பிரிந்து போவதால் யாராவது தொலைந்துவிடுவார்கள் என்ற பயம் வேண்டாம். கருவிகளோடு ஒருவர் கடைசிக் காராக வரட்டும், அவருக்குச் சொல்லாமல் யாரும் பாதை மாறக் கூடாது. மலைப்பகுதியில் செல்போன் சிக்னலை நம்ப முடியாது, அதனால் காகித வரைபடமும் அன்றைய வழிக்குறிப்பும் ஒவ்வொரு காரிலும் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கிளிப் மாட்டுங்கள், திறந்த காரில் காகிதம் முதல் வளைவிலேயே பறந்துவிடும்.