வேலையை விடும் முன் கம்பெனி இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்

வேலையை விட்டுவிட்டு, ஊர் ஊராகப் போய்க்கொண்டே லேப்டாப்பில் சம்பாதிக்கப் போகிறவர்கள், நோட்டீஸ் காலத்திலேயே கம்பெனியின் குழு மருத்துவக் காப்பீட்டை அதே இன்சூரன்ஸ் நிறுவனத்தின் தனிநபர் பாலிசியாக மாற்றித் தரச் சொல்லி விண்ணப்பித்துவிடுங்கள். ஹெச்.ஆரிடம் கேட்டால் யாரைத் தொடர்புகொள்வது என்று சொல்வார்கள்.

புதிதாக பாலிசி எடுத்தால், சர்க்கரை, ரத்த அழுத்தம் போல ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கான சிகிச்சைச் செலவைக் கேட்க 3 ஆண்டுகள் வரை காத்திருக்கச் சொல்லலாம். கண்புரை, ஹெர்னியா போன்றவற்றுக்கும் தனியாகக் காத்திருப்புக் காலம் உண்டு. இப்படி மாற்றும்போது, குழுக் காப்பீட்டில் நீங்கள் தொடர்ந்து இருந்த காலம் அதில் கழிந்துவிடும். ஆனால் பழைய காப்பீட்டுத் தொகை அளவுக்குத்தான் இந்தச் சலுகை. 3 லட்சத்திலிருந்து 10 லட்சமாக உயர்த்தினால், கூடுதல் 7 லட்சத்துக்குக் காத்திருப்பு புதிதாகத் தொடங்கும்.

கடைசி வேலைநாளோடு ஆபீஸ் மெயில் மூடிவிடும். அதனால் ஈ-கார்டு (காப்பீட்டு அட்டையின் டிஜிட்டல் பிரதி), பாலிசி எண், எந்தத் தேதியிலிருந்து காப்பீட்டில் இருக்கிறீர்கள் என்ற சான்று, மூன்றையும் சொந்த மெயிலுக்கு முன்பே அனுப்பி வையுங்கள். இது ரொம்ப முக்கியம்.

ஏற்கெனவே போதுமான தொகைக்குச் சொந்த பாலிசி வைத்திருப்பவர்களுக்கு இது தேவையில்லை. பிரீமியத்தை இனி நீங்கள்தான் கட்ட வேண்டும், இன்சூரன்ஸ் நிறுவனம் உடல் பரிசோதனையும் கேட்கலாம். வெளிநாடு போகிறவர்களுக்கு இது மட்டும் போதாது. இங்குள்ள சாதாரண பாலிசிகள் பெரும்பாலும் இந்தியாவுக்குள் எடுக்கும் சிகிச்சைக்கே செல்லும், எனவே பயணக் காப்பீடு தனியாக எடுக்க வேண்டும்.