லண்டன் விலையும் சென்னை விலையும்: பல் சிகிச்சைச் செலவைச் சரியாக ஒப்பிடுவது எப்படி?

லண்டனில் தனியார் கிளினிக்கில் ஒரு பல் இம்பிளான்ட்டுக்கு (தாடை எலும்பில் திருகு பதித்து வைக்கும் செயற்கைப் பல்) ஏறத்தாழ 2,000 முதல் 3,500 பவுண்டு வரை ஆகிறது. சென்னையில் அதே பெயரில் சொல்லும் வேலைக்கு 25,000 ரூபாயிலிருந்து 60,000 ரூபாய் வரை கேட்கிறார்கள். பவுண்டுக்கு 115 ரூபாய் என்று கணக்கிட்டால், சென்னையின் அதிகபட்ச விலைகூட ஏறத்தாழ 520 பவுண்டுதான். இந்த இரண்டு எண்களை மட்டும் பார்த்துவிட்டு டிக்கெட் எடுப்பவர்கள் நிறைய. ஆனால் லண்டன் விலையில் ஸ்கேன், திருகு, அதன் மேல் வரும் இணைப்பு, கேப் (பல் வடிவ உறை), பின்பரிசோதனை எல்லாம் அடங்கியிருக்கலாம். சென்னை விலையில் திருகு மட்டுமே இருக்கலாம். ஒரே பல்லை, ஒரே பொருளில், மென்று சாப்பிடும் நிலைக்குக் கொண்டுவர இரு ஊரிலும் மொத்தம் எவ்வளவு ஆகும் என்று பார்த்தால்தான் அது ஒப்பீடு.

இங்கிலாந்தில் வசிக்கும் தமிழர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறோம். துருக்கிக்கோ ஹங்கேரிக்கோ போக நினைப்பவர்களும் இதே முறையில் கணக்குப் போடலாம்.

முதல் படி: உங்கள் ஊரின் உண்மையான விலையைக் கண்டுபிடியுங்கள்

பலரும் தனியார் விலையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிடத் தொடங்குகிறார்கள். முதலில் என்ஹெச்எஸ் (பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவை) கட்டணத்தைப் பாருங்கள். இங்கிலாந்தில் 2025 ஏப்ரலில் வந்த கட்டணப்படி, பரிசோதனையும் எக்ஸ்ரேயும் அடங்கிய முதல் பிரிவு 27.40 பவுண்டு. பல் அடைப்பது, பிடுங்குவது, ரூட் கெனால் ஆகியவை அடங்கிய இரண்டாம் பிரிவு 75.30 பவுண்டு. கேப், பிரிட்ஜ், பல்செட் வரும் மூன்றாம் பிரிவு 326.70 பவுண்டு. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் முறை வேறு.

இந்தக் கட்டணம் பல்லுக்கு இவ்வளவு என்பதல்ல, ஒரு சிகிச்சைத் திட்டம் முழுவதற்கும் சேர்த்து. ஒரே திட்டத்தில் ஒரு ரூட் கெனாலும் இரண்டு கேப்பும் தேவை என்று மருத்துவர் முடிவு செய்தாலும் மூன்றாம் பிரிவின் ஒரே கட்டணம்தான். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், குழந்தை பிறந்து 12 மாதம் ஆகாத தாய்மார்களுக்கும் இலவசம். ஆகவே ஒன்றிரண்டு கேப்புக்காக மட்டும் விமானம் ஏறினால் பெரும்பாலும் நஷ்டமே. புதிய நோயாளிகளைச் சேர்த்துக்கொள்ளும் என்ஹெச்எஸ் பல் மருத்துவர் கிடைப்பது பல ஊர்களில் கஷ்டம் என்பது உண்மை. ஆனாலும் பத்துப் பதினைந்து மைல் தள்ளியும் தேடிப் பார்த்துவிட்டே தனியார் விலைக்கு வாருங்கள்.

இம்பிளான்ட் கதை வேறு. புற்றுநோய் சிகிச்சை, பெரிய விபத்து போன்ற காரணங்கள் இல்லாவிட்டால் என்ஹெச்எஸ் அதைச் செய்வதில்லை. அதனால் வெளிநாட்டுக் கணக்கு அர்த்தப்படும் இடம் பெரும்பாலும் இதுதான்.

இரண்டாம் படி: எந்தப் பல்லுக்கு என்ன தேவை என்பதை இங்கேயே எழுதி வாங்குங்கள்

பரிசோதனை செய்து எழுத்தில் சிகிச்சைத் திட்டம் கேளுங்கள். உங்கள் எக்ஸ்ரே, ஸ்கேன் பிரதிகளைப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. இம்பிளான்ட் என்றால் சிபிசிடி என்னும் முப்பரிமாண ஸ்கேனை டைகாம் என்னும் மூல ஸ்கேன் கோப்பாகவே வாங்குங்கள். அதை மொபைலில் படம் பிடித்து வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் எலும்பின் அகலத்தை அளக்க முடியாது. அளக்க முடியாதவர் சொல்லும் விலை உத்தேச விலைதான்.

பல் எண்ணில் ஒரு குழப்பம் வரும். பிரிட்டனில் இடது கீழ் முதல் கடைவாய்ப்பல்லை எல்எல்6 என்று எழுதுவார்கள். இந்தியாவில் அதையே 36 என்பார்கள். மேல் வலது 1, மேல் இடது 2, கீழ் இடது 3, கீழ் வலது 4 என்பது முதல் இலக்கம். முன்னம்பல்லிலிருந்து பின்னால் எண்ணி வருவது இரண்டாம் இலக்கம். கடிதத்தில் இரண்டு முறையிலும் எழுதிவிடுங்கள்.

மூன்றாம் படி: விலையைப் பகுதி பகுதியாகக் கேளுங்கள்

இம்பிளான்ட் என்பது ஒரு பொருள் அல்ல, மூன்று. தாடை எலும்புக்குள் போகும் டைட்டானியத் திருகு, அதன் மேல் பொருத்தும் அபட்மென்ட், கண்ணுக்குத் தெரியும் கேப். விளம்பரத்தில் வரும் குறைந்த விலை பெரும்பாலும் முதல் பகுதிக்கு மட்டும். மூன்றுக்கும் தனித்தனியே விலை எழுதச் சொல்லுங்கள். பல் பிடுங்குவது, போன் கிராஃப்ட் (எலும்பு நிரப்புதல்), மேல்தாடையில் சைனஸ் லிஃப்ட் (சைனஸ் அறையின் அடித்தளத்தை உயர்த்தி எலும்பு நிரப்புதல்), தற்காலிகப் பல், மருந்து, ஸ்கேன் ஆகியவை விலைக்குள் உண்டா இல்லையா என்றும் ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

திருகின் நிறுவனத்தையும் மாடலையும் எழுதி வாங்குங்கள். ஸ்ட்ராமன், நோபல் பயோகேர், ஆஸ்டெம் போன்றவை பல நாடுகளில் புழங்குபவை. இதைக் கௌரவத்துக்காகச் சொல்லவில்லை. ஒவ்வொரு நிறுவனத்தின் திருகுக்கும் உள்ளே இணைப்பு வடிவம் வேறு, அதைக் கழற்றும் சிறு ஸ்க்ரூடிரைவரும் வேறு. ஐந்து வருடம் கழித்து அபட்மென்ட் தளர்ந்தால், லண்டன் மருத்துவரிடம் அந்தக் கருவி இருக்க வேண்டும். பெயர் தெரியாத திருகு என்றால், 20 பவுண்டு பெறாத உதிரி பாகத்துக்காக ஆயிரக்கணக்கில் செலவழித்த வேலையைத் தொட முடியாமல் போகும்.

அதே காரணத்துக்காகக் கேப்பை ஒட்டப் போகிறார்களா, திருகால் பூட்டப் போகிறார்களா என்றும் கேளுங்கள். எலும்பின் கோணம் இடம் கொடுத்தால், வெளிநாட்டில் செய்துகொள்பவருக்குத் திருகால் பூட்டுவதே நல்லது என்பது எங்கள் கருத்து. பழுது வந்தால் மேலே உள்ள சிறு அடைப்பை எடுத்துக் கழற்றிவிடலாம். சிமென்ட்டில் ஒட்டியதைப் பல சமயம் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். ஈறுக்கு அடியில் தங்கிவிட்ட சிமென்ட் துணுக்கு எலும்பைக் கரைக்கும் அழற்சிக்கும் காரணமாகலாம்.

கேப் என்று மட்டும் எழுதியிருந்தால் அந்த விலையை ஒப்பீட்டில் சேர்க்காதீர்கள். உலோகத்தின் மேல் பீங்கான் பூசியது, சிர்கோனியா, ஈ-மேக்ஸ் என்னும் கண்ணாடிப் பீங்கான் என்று பொருளைப் பொறுத்து விலை இரண்டு மூன்று மடங்கு மாறும்.

இன்னொன்றையும் கவலையோடு சொல்கிறோம். இருபது பல்லுக்கும் சிரிப்பை மாற்றித் தருகிறோம் என்று பேக்கேஜ் விலை வந்தால், அது வெனீரா (பல்லின் முன்பக்கத்தில் ஒட்டும் மெல்லிய தகடு) கேப்பா என்று எழுத்தில் கேளுங்கள். வெனீருக்குப் பல்லின் முன்பக்கத்தில் அரை மில்லிமீட்டர் அளவே இழைப்பார்கள். கேப்புக்குப் பல்லின் சுற்றுப்பக்கத்திலும் மேல்பக்கத்திலும் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் வரை குறைப்பார்கள். நோயில்லாத பல்லை அப்படிக் குறைத்துவிட்டால் திரும்ப வராது. சில பற்களின் உள்நரம்பு பின்னாளில் செத்து ரூட் கெனால் வரை போகும். துருக்கிக்குப் போன இளைஞர்கள் பலர் இதைத் திரும்பி வந்த பிறகே புரிந்துகொண்டார்கள்.

நான்காம் படி: நாட்களை எண்ணுங்கள்

திருகு எலும்போடு பிணைய கீழ்த்தாடையில் பொதுவாக இரண்டு மூன்று மாதமும், மேல்தாடையில் நான்கு முதல் ஆறு மாதமும் விடுவார்கள். எலும்பு நிரப்பினால் இன்னும் கூடும். ஆகவே இம்பிளான்ட் என்றாலே இரண்டு பயணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பயணத்துக்கு எட்டு நாள்: ஒரு நாள் பரிசோதனை, மறுநாள் அறுவை, ஒரு வாரத்தில் தையலைப் பார்த்தல். இரண்டாவதற்கும் எட்டு நாள்: அளவெடுப்பு, லேப் வேலை நாலைந்து நாள், பொருத்துதல், பிறகு குறைந்தது இரண்டு நாள் சாப்பிட்டுப் பார்த்து மறுபடி கடியைச் சரிபார்த்தல்.

இந்தக் கடைசி இரண்டு நாளைத்தான் எல்லோரும் வெட்டுகிறார்கள். பொருத்திய அன்று வாய் மரத்திருக்கும், கேப் ஒரு மயிரிழை உயரமாக இருப்பது தெரியாது. மறுநாள் இட்லி மெல்லும்போதுதான் தெரியும். அப்போது விமானத்தில் இருந்தால் ஐந்து நிமிட வேலைக்கு லண்டனில் காசு கொடுக்க வேண்டிவரும்.

சைனஸ் லிஃப்ட் செய்திருந்தால் திரும்பும் தேதியை மருத்துவர் சொன்ன பிறகே டிக்கெட் எடுங்கள். காற்றழுத்த மாற்றம் அந்த இடத்துக்கு ஆகாது. சர்க்கரை நோய், ரத்தம் உறையாமைக்கான மாத்திரை, எலும்புத் தேய்மானத்துக்கான ஊசி அல்லது மாத்திரை எதுவாக இருந்தாலும் புறப்படும் முன்பே தெரிவியுங்கள். அங்கே போய்ச் சொன்னால் அறுவை தள்ளிப்போய் டிக்கெட் வீணாகும்.

ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) உள்ளவர்களுக்கு விசா கவலை இல்லை. யாழ்ப்பாணத்தையோ மட்டக்களப்பையோ பூர்வீகமாகக் கொண்ட பிரிட்டிஷ் தமிழர்களில் பெரும்பாலோருக்கு அந்த அட்டை இருக்காது. மருத்துவ இ-விசா 60 நாள் செல்லும், கிளினிக்கின் கடிதம் வேண்டும். இரண்டு பயணத்துக்கும் நடுவே மூன்று மாதம் இருப்பதால் இரண்டு முறை விண்ணப்பிக்க வேண்டியிருக்கும் என்பதைக் கணக்கில் சேருங்கள்.

ஐந்தாம் படி: கூட்டிப் பாருங்கள்

ஓர் எடுத்துக்காட்டு. கீழ்த்தாடையில் ஒரு பல் இல்லை, எலும்பு போதுமானதாக இருக்கிறது. விலைகள் கணக்குக்காக வைத்தவை, உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

லண்டன்: பரிசோதனையும் ஸ்கேனும் 200 + இம்பிளான்ட் முழுவதும் 2,600 = 2,800 பவுண்டு.

சென்னை: பரிசோதனை, ஸ்கேன், மருந்து 5,000 ரூபாய் + அதே நிறுவனத் திருகில் இம்பிளான்ட் முழுவதும் 55,000 ரூபாய் = 60,000 ரூபாய், அதாவது 522 பவுண்டு. விமானம் இரண்டு முறை, 650 பவுண்டு வீதம் 1,300. தங்குமிடம் 16 நாள், நாளுக்கு 3,500 ரூபாய் என்றால் 487 பவுண்டு. உள்ளூர்ப் பயணம் 100. வங்கி அட்டைக்கான மூன்று சதவீதம் 16. பழுதுக்கு ஒதுக்குவது பல்லுக்கு 250. மொத்தம் 2,675 பவுண்டு.

மிச்சம் 125 பவுண்டு. அதற்குப் பதினாறு நாள் விடுப்பு. விசா தேவைப்பட்டால் அந்த மிச்சமும் கரையும்.

இப்போது அதே கணக்கை நான்கு பல்லுக்குப் போடுங்கள். லண்டனில் 10,600 பவுண்டு. சென்னையில் சிகிச்சை 2,25,000 ரூபாய், அதாவது 1,957 பவுண்டு. பயணமும் தங்குமிடமும் உள்ளூர்ச் செலவும் மாறாமல் 1,887. அட்டைக் கட்டணம் 59, பழுதுக்கு 1,000. மொத்தம் 4,903. மிச்சம் 5,697 பவுண்டு.

இரண்டு கணக்கிலும் பயணச் செலவு ஒன்றே. பற்களின் எண்ணிக்கை கூடக் கூட அது பகிர்ந்துபோகிறது. உங்கள் சொந்த எல்லையைக் கண்டுபிடிக்க, மாறாத செலவு மொத்தத்தை ஒரு பல்லில் கிடைக்கும் மிச்சத்தால் வகுங்கள். எடுத்துக்காட்டில் 1,887-இலிருந்து பரிசோதனை, ஸ்கேனில் சென்னையில் மிச்சமாவதைக் கழித்தால் ஏறத்தாழ 1,730; அதை ஏறத்தாழ 1,860-ஆல் வகுத்தால் ஒன்றுக்குச் சற்றே கீழே வருகிறது. ஒரு பல்லில் லாபம் பெயரளவுக்குத்தான், இரண்டு பல்லிலிருந்துதான் சொல்லும்படியான லாபம் என்று பொருள். சொந்தக்காரர் வீட்டில் தங்குபவர்களுக்கும், எப்படியும் கல்யாணத்துக்கோ கோயில் திருவிழாவுக்கோ போகிறவர்களுக்கும் எல்லை இன்னும் கீழே வரும். தினக்கூலிக்கோ சொந்தக் கடையிலோ உழைப்பவர் இழக்கும் வருமானத்தையும் சேர்த்தால் மேலே போகும்.

பழுதுக்குப் பணம் எதற்கு என்று கேட்கலாம். கேப் கழன்றால், திருகு தளர்ந்தால், ஈறு வீங்கினால் நீங்கள் போய் நிற்கப்போவது லண்டனில்தான். வேறு ஒருவர் வைத்த இம்பிளான்ட்டைத் தொட்டால் பொறுப்பு தம்மேல் வரும் என்று பல மருத்துவர்கள் தயங்குவார்கள், தொடுபவர்கள் தனியார் விலை கேட்பார்கள். வாழ்நாள் உத்தரவாதம் என்று அட்டை தந்தாலும் அது பெரும்பாலும் திருகு என்னும் பொருளுக்கு மட்டும். மறுபடி செய்யும் கூலியும் உங்கள் விமானமும் அதில் வராது. பயணக் காப்பீடும் திட்டமிட்டுச் செய்துகொள்ளும் சிகிச்சையின் சிக்கலைப் பொதுவாக ஏற்பதில்லை.

ஆறாம் படி: மருத்துவரைச் சரிபார்ப்பதும் பணம் கட்டுவதும்

சென்னையில் அறுவை செய்பவரின் முழுப்பெயரையும் தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சில் பதிவெண்ணையும் கேளுங்கள். கிளினிக்கின் பெயர் போதாது. பி.டி.எஸ். அடிப்படைப் பட்டம், எம்.டி.எஸ். சிறப்புப் பட்டம். எந்தப் பிரிவில் எம்.டி.எஸ். என்பது முக்கியம். இம்பிளான்ட்டுக்கு வாய் அறுவை, ஈறு, செயற்கைப் பல் ஆகிய பிரிவுகள் பொருந்தும். விலை சொன்னவரும் அறுவை செய்பவரும் ஒரே ஆளா என்று நேரடியாகக் கேட்டுவிடுங்கள்.

முழுத் தொகையையும் முன்பணமாகக் கட்டாதீர்கள், கட்டம் கட்டமாகக் கட்டுங்கள். பிரிட்டிஷ் கிரெடிட் கார்டில் கட்டினால் மூன்று சதவீதம் கூடுதல் போனாலும் ஒரு பலன் உண்டு. 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரையிலான சேவைக்கு, 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு கார்டு நிறுவனத்தையும் பொறுப்பாக்குகிறது. வெளிநாட்டில் வாங்கியதற்கும் அது பொருந்தும். டெபிட் கார்டுக்கும் ரொக்கத்துக்கும் இந்தப் பாதுகாப்பு இல்லை.

புறப்படும் நாளில் கையில் இருக்க வேண்டியவை: இம்பிளான்ட் பாஸ்போர்ட் என்னும் அட்டை அல்லது திருகுப் பெட்டியில் இருக்கும் ஸ்டிக்கர் (நிறுவனம், மாடல், விட்டம், நீளம், லாட் எண் எல்லாம் அதில் இருக்கும்), வேலை முடிந்தபின் எடுத்த எக்ஸ்ரே, அபட்மென்ட்டின் குறியீட்டு எண், கேப்பின் பொருளும் நிறமும், கையெழுத்திட்ட ரசீது. ஸ்டிக்கரைக் கேட்டால் உடனே தருவார்கள். கேட்காவிட்டால் கோப்பில் ஒட்டி வைத்துவிடுவார்கள். வீட்டுக்கு வந்ததும் அதைப் படம் எடுத்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள். ஏழெட்டு வருடம் கழித்துத் தளர்ந்த பல்லோடு நிற்கும்போது மருத்துவர் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.