கீப்பர் மேல பழி போடறதுக்கு முன்னாடி: டீம் ஏன் தோத்துச்சுன்னு எழுதறப்ப பண்ற தப்புங்க

எங்க சண்டே ஃபுட்பால் டீம் தம்பிங்க ரெண்டு பேரு, இங்கிலாந்து பிரீமியர் லீக் டீம் டாட்டன்ஹாமோட 2024-25 சீசன் ஏன் அப்படி நாசமாப் போச்சுன்னு எழுதி, "அண்ணே படிச்சுட்டு சொல்லுங்க"ன்னு அனுப்பியிருந்தாங்க. படிச்சதும் பக்குன்னு ஆயிடுச்சு. பத்து வருஷம் முன்னாடி நான் எழுதினதும் இப்படித்தான், தப்பும் அதே தப்பு. ஸ்கோர மாத்திப் போடறது, பிளேயர் பேரு தப்பா எழுதறதெல்லாம் நீங்களே பாத்துத் திருத்திக்குவீங்க, அதுக்குள்ள நான் போகல.

டேபிள மட்டும் பாக்கறது

லீக்ல 38 மேட்ச்ல 22 தோல்வி, 38 பாயின்ட், 20 டீம்ல 17வது இடம். சரிதான். ஆனா அதே டீம் 64 கோல் போட்டிருக்கு, 15வதா வந்த மான்செஸ்டர் யுனைடெட் போட்டது 44தான். கோல் போடத் தெரியாத டீம் இல்ல அது, வாங்கின 65தான் சிக்கல். "எல்லாமே மோசம்"னு எழுதிட்டா இது கண்ணுலயே படாது.

கடைசியா பந்தத் தொட்டவர் தலையில கட்டறது

இதுக்காகத்தான் எழுதவே உக்காந்தேன், இன்னைக்கும் நினைச்சா எனக்கு எரிச்சலா வரும்.

எங்க டீம் ஒரு சீசன் பூரா அடி வாங்குச்சு. கடைசி மேட்ச் முடிஞ்சு காப்பிக்கடையில தே குடிச்சிக்கிட்டே பேசினோம், டீம் பாத்துக்கிட்டது நான், நான்தான் சொன்னேன் கீப்பர் சரியில்லன்னு. எல்லா கோலும் அவர் கையத் தாண்டித்தானே உள்ள போச்சு. அந்த அண்ணன் ஒண்ணும் பேசல. ஈரமா இருந்த கிளவுஸ பைக்குள்ள வச்சு ஜிப் போட்டாரு, பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தாரு, அப்புறம் வரவே இல்ல.

அடுத்த சீசன் புது கீப்பர். அதே மாதிரி கோல், அதே பக்கத்துலேந்து. அதுக்கப்புறம்தான் ஒரு தம்பி போன்ல எடுத்து வச்சிருந்த பழைய வீடியோவ ஒவ்வொண்ணா போட்டுப் பாத்தேன், பந்து வலைக்குள்ள போற எடத்த விட்டுட்டு பத்து செகண்ட் பின்னாடி போயி பாத்தேன். எங்க ரைட் பேக்குக்கு, அதான் பின்னாடி வலது பக்கம் தடுக்கறவருக்கு, ஷிப்யார்ட்ல ஷிப்ட் வேலை, பாதி ஞாயித்துக்கிழமை வரமாட்டாரு, அவரு எடத்துல ஓரத்துல ஓடி அட்டாக் பண்ற விங்கர நிக்க வச்சது நான். அவன் பந்து கெடச்சா மேல ஓடிடுவான், பின்னாடி லாரி போற அளவுக்கு எடம் கெடக்கும், அங்கேந்துதான் கோல் முன்னாடி தூக்கிப் போடற கிராஸ் மேல கிராஸ் வருது. பாக்ஸ்ல தனியா நிக்கற எதிராளி தலையால தட்டறான். கீப்பர் என்னதான் பண்ணுவாரு? நல்ல மனுசர் ஒருத்தரு போனது என்னாலதான்.

தம்பிங்களும் இப்ப அதத்தான் பண்ணியிருக்காங்க. ஒருத்தன் கீப்பர் மோசம்ங்கறான், இன்னொருத்தன் கோச் போஸ்டகோக்ளூவோட ஹை லைன்தான், அதான் டிஃபென்ஸ மேல ஏத்தி நிறுத்தறதுதான், காரணம்ங்கறான். பின்னாடி போங்கடா. நவம்பர் 23, சிங்கப்பூர் டைம்ல நமக்கு ஞாயிறு விடிகாலை ஒன்றரை மணி, மான்செஸ்டர் சிட்டிய அவங்க கிரவுண்ட்லயே 4-0 அடிச்சாங்க, அன்னைக்கும் அதே ஹை லைன்தான். ஆனா அந்த மேட்ச்ல கீப்பர் விகாரியோவுக்குக் கணுக்கால் எலும்பு உடைஞ்சுது, அப்படியே ஆடி முடிச்சுட்டு ஆபரேஷனுக்குப் போனாரு. டிசம்பர் 8 செல்சி மேட்ச்ல 2-0 முன்னாடி இருந்தப்ப நடு டிஃபென்டர் ரொமேரோ காயத்தோட வெளிய போறாரு, பிற்பாதியில அவரு ஜோடி வேன் டி வெனும் போறாரு, கடைசியில 4-3 தோல்வி. ரெண்டு வாரம் கழிச்சு லிவர்பூல் வந்து ஆறு போட்டுட்டுப் போனாங்க. அன்னைக்கு நடு டிஃபென்ஸ்ல நின்னவங்கள்ல ஒருத்தர் ஆர்ச்சி கிரே, வயசு 18, அவரு மிட்ஃபீல்டர்.

ஹை லைன்னா டிஃபென்ஸ் மொத்தமும் நடு கோடு வரைக்கும் ஏறி நிக்கும், பின்னாடி அரை கிரவுண்ட் காலி, அந்தக் காலி எடத்துல விழற பந்த ஓடிப் பிடிக்க வேன் டி வென் மாதிரி வேகமான ஆளு இருந்தாத்தான் அது ஓடும். அவரு இல்லாம அதே எடத்துல நின்னா கதவத் தெறந்து போட்ட மாதிரிதான். கோச் மேல தப்பே இல்லன்னு நான் சொல்லல. ஆள் போன பிறகும் லைன இறக்கலங்கறது அவரோட முடிவு, அத அப்படியே எழுதுங்க, ஆனா ஆள் போனத மறைச்சுட்டு எழுதாதீங்க.

காயக் கணக்கு

எத்தன பேருன்னு எண்ணாதீங்க. ஒரே நேரத்துல எந்த பொசிஷன் காலியாச்சுன்னு பாருங்க.

"காசே செலவு பண்ணல"

கோல் போடற ஆளு சோலங்கிய பெரிய விலை குடுத்து வாங்கின வருஷம் அது.

கப்ப மறந்துடறது

மே 21, நம்ம டைம் 22 விடிகாலை மூணு மணி, ஸ்பெயின்ல பில்பாவோல யூரோப்பா லீக் ஃபைனல், ஐரோப்பா கிளப்புங்க ஆடற கப் அது, யுனைடெட்ட 1-0ன்னு ஜெயிச்சாங்க. 2008க்கு அப்புறம் முதல் கப். லீக்ல கடைசியா வந்து கீழ் டிவிஷனுக்கு எறங்கின மூணு டீம்ல ஒண்ணுகூட 25 பாயின்ட்டத் தாண்டல, அதனால எறங்கற பயம் போனதும் லீக் மேட்ச்ல முக்கியமான ஆளுங்கள உக்கார வச்சு வியாழக்கிழமை யூரோப்பா மேட்சுக்கு மிச்சம் பிடிச்சாங்க. டிசம்பர்ல தோத்தது ஆளில்லாம, மே மாசம் தோத்தது ஆள ஒதுக்கி வச்சுட்டு. ரெண்டையும் ஒரே பட்டியல்ல கூட்டிப் போட்டு "22 தோல்வி"ன்னு எழுதினா படிக்கறவங்களுக்கு ஒண்ணுமே புரியாது. கப் ஜெயிச்ச 16வது நாள் கோச்ச அனுப்பிட்டாங்க, எனக்கு அது இன்னும் ஆறல, அத தனியா ஒரு நாள் பேசணும்.

ஜனவரியிலயே தீர்ப்பு எழுதறது

வேண்டாம். மே வரைக்கும் டிராஃப்ட்லயே கெடக்கட்டும்.