வசந்தப் பூந்தோட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகத் தோட்டம் போடுகிறவர்களும் சரி, பூங்காவில் பாத்தி பராமரிக்க முன்வருகிறவர்களும் சரி, வசந்தம் வந்து தேனீக்களுக்காகப் பூச்செடி வைக்கும்போது ஒரே மாதிரித்தான் தவறு செய்கிறார்கள். நாங்களும் ஆரம்பத்தில் செய்தவைதான். தண்ணீர் ஊற்ற மறப்பது, நெருக்கி நடுவது பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை, அதைச் செடியே வாடிக் காட்டிவிடும்.

அடுக்குப் பூ மோகம்

சொல்லிச் சொல்லி அலுத்துப்போன விஷயம் இது. "தேனீக்களுக்காகத்தான் வைக்கிறேன்" என்பார்கள், கையில் பார்த்தால் அடுக்கு டியூலிப், அடுக்கு டாஃபடில் என்று கிழங்கிலிருந்து முளைத்து அடுக்கடுக்காக இதழ் விரிக்கும் பூக்கள். பல அடுக்குப் பூக்களில் கூடுதலாகத் தெரியும் இதழ்கள் மகரந்தத் தாள்களாக வளர்ந்திருக்க வேண்டியவை. அவை இதழாக மாறிவிட்டதால் மகரந்தம் போச்சு. தேன் சுரந்தாலும் அத்தனை இதழ்களையும் தாண்டித் தேனீயால் உள்ளே போக முடியாது.

ஒரு பூங்காவில் வாசலை ஒட்டிய நீளமான பாத்தி முழுக்க அடுக்கு டியூலிப் வைத்தார்கள். பூத்ததும் படமெடுக்க நல்ல கூட்டம். தேனீயை மட்டும் காணோம், யாராவது மருந்தடித்துவிட்டார்களோ என்று சண்டை வேறு. ஒரு பூவைப் பறித்து இதழ் இதழாகப் பிரித்துக் காட்டினேன். உள்ளே போகப்போக இதழ்தான் வந்தது. நடுவில் ஓர் இதழின் ஓரத்தில் மட்டும் பாதி உருவான மகரந்தப்பை ஒட்டிக்கொண்டிருந்தது. தேனீக்களோ பக்கத்துப் புல்வெளியில், களை என்று அவர்கள் பிடுங்கிப் போட்டதில் தப்பிய டேன்டெலியன் மேல் உட்கார்ந்திருந்தன. கிழங்கெல்லாம் ஏற்கெனவே மண்ணுக்குள், வேறு நட அடுத்த இலையுதிர்காலம்வரை காத்திருக்க வேண்டும், செலவு இரண்டு மடங்கு. இவ்வளவுக்கும் வாங்கும்போது பார்க்க வேண்டியது ஒன்றுதான்: விரிந்த பூவின் நடுவே மகரந்தத் தாள்கள் தெரிகின்றனவா? தெரியாவிட்டால் அழகுக்கு ஒரு மூலையில் வைத்துக்கொள்ளுங்கள், தேனீ பெயரைச் சொல்லாதீர்கள்.

எல்லாம் ஒரே வாரத்தில் பூப்பது

உடம்பெல்லாம் மயிர் அடர்ந்த, குண்டான பம்பிள் தேனீக்களில் பொதுவாக ராணி மட்டும்தான் குளிர்காலத்தைத் தாண்டும். கண்விழித்து வரும்போது கூட்டமும் இல்லை, சேமிப்பும் இல்லை, உடனே தேனும் மகரந்தமும் வேண்டும். அதற்குக் குரோக்கஸ், ஸ்னோடிராப், வில்லோ மரப் பூ மாதிரி முன்கூட்டியே பூப்பவை வேண்டும். அப்புறம் சில்லா, மஸ்கரி என்ற சின்னக் கிழங்குப் பூக்கள், பழ மரங்கள், கடைசியில் வெங்காய இனத்து அல்லியம் என்று வரிசை தொடரட்டும். சில்லாவின் மகரந்தம் நீல நிறம், தேனீயின் காலில் நீல உருண்டையாக ஒட்டியிருப்பதைப் பார்க்கவே அதை நடலாம்.

வகைக்கு ஒன்று நடுவது

தேனீ ஒரு சுற்றில் பெரும்பாலும் ஒரே வகைப் பூவைத்தான் தேடிப் போகும். ஒவ்வொரு வகையையும் கும்பலாக நடுங்கள்.

பூத்திருக்கும்போது மருந்தடிப்பது

கூடாது.

பூ முடிந்ததும் இலையை வெட்டுவது

கிழங்கு அடுத்த வருடப் பூவுக்கு இந்த இலையை நம்பித்தான் இருக்கிறது. தானாக மஞ்சளாகும்வரை, குறைந்தது 6 வாரமாவது விடுங்கள். பார்க்க நன்றாக இல்லை என்று முடிச்சுப் போட்டு வைப்பதும் தப்பு.

மண் தெரியாமல் மூடுவது

தேனீ இனங்களில் சுமார் 70 சதவீதம் மண்ணுக்குள்தான் கூடு கட்டுகின்றன. பாத்தி முழுக்க மரத்தூளும் பட்டையும் கனமாகக் கொட்டிவிட்டால் அவை எங்கே தோண்டும்? வெயில் படுகிற இடமாகக் கொஞ்சம் வெறும் மண் விடுங்கள். வசந்தத்தில் அங்கே நடுவில் ஓட்டையோடு சின்னச் சின்ன மண்குவியல்கள் தெரிந்தால், எறும்புப் புற்று என்று முடிவுகட்டி உடனே பொடி தூவிவிடாதீர்கள். கொஞ்ச நேரம் நின்று, உள்ளே போவது எறும்பா தேனீயா என்று பாருங்கள்.