புள்ளைங்களுக்கு ஆட்டம் புடிச்சிருக்கான்னு நெஞ்சுத் துடிப்ப வச்சு பாக்குறது எப்படி

லீவுக்கு வர்ற புள்ளைங்களுக்காக அரசலாத்தங்கரைல எங்க ஊர்ல கால் வச்சா லைட் எரியுற பாய் ஒன்னு செஞ்சு போட்டோம், அதுல எந்த ஆட்டம் நெஜமாவே புடிக்குதுன்னு தெரிஞ்சுக்கத்தான் இத கத்துக்கிட்டேன்.

மொதல்ல ஒன்னு. ஓடுனாலே நெஞ்சு படபடன்னு அடிக்கும். சும்மா உக்காந்திருக்குற பள்ளிக்கூடத்து புள்ளைக்கே நிமிஷத்துக்கு 75லேந்து 118 வரைக்கும் துடிப்பு இருக்கலாம், ஆட்டத்துல 150 தாண்டுனா அது குஷியா வெறும் மூச்சிரைப்பான்னு அந்த நம்பர் சொல்லாது. அதனால ஓட்டம் சமமா இருக்குற மாதிரி ரெண்டு ஆட்டம் வைங்க, ஒன்னுல பாய்ல இருக்குற லைட்டு கட்டம் வரிசையா எரியணும், இன்னொன்னுல அடுத்து எது எரியும்னே தெரியக்கூடாது, வித்தியாசம் அவ்ளோதான். ஒவ்வொன்னும் 90 செகண்ட். நடுவுல துடிப்பு பழையபடி இறங்குற வரைக்கும் உக்கார வச்சு தண்ணி குடுங்க. பாதி பேருக்கு ஆட்டத்த முன்னப்பின்ன மாத்திடுங்க, ரெண்டாவதா வர்றதுல களைப்பும் சேந்துக்கும்ல.

யன்னகாகிஸ், ஹாலம், லுண்ட் மூணு பேரும் டென்மார்க் புள்ளைங்கள எரியுற டைல்ஸ் மேல விளையாட விட்டு 2008ல எழுதுன ஆராய்ச்சிலயும் மார்க் போடச் சொல்லல, ரெண்டுல எது நல்லாருந்துச்சுன்னுதான் ஜோடியா கேட்டாங்க. அதையே நீங்களும் கேளுங்க. துடிப்பு தனியா பேசாது, புள்ள சொல்ற பதிலோட சேத்து வச்சாதான் அதுக்கு அர்த்தம்.

கைல கட்டுற வாட்ச் வேணாம், சின்ன மணிக்கட்டுல லூசா ஆடும், ஓடும்போது தப்பா காட்டும். நெஞ்சுல கட்டுற பெல்ட்டுதான் நல்லது, கட்டுறதுக்கு முன்னாடி உள்பக்கம் தண்ணி தொட்டு ஈரமாக்கிக்குங்க. விரல்ல மாட்டி வேர்வைய பாக்குற சென்சாரும் இருக்கு, பரபரப்பானா உள்ளங்கை வேர்க்கும், ரெண்டு மூணு செகண்ட் கழிச்சு கிராஃப்ல கோடு ஏறும். ஆனா நம்மூர் சித்திரை வெயில்ல எல்லா கோடும் ஏறித்தான் கெடக்கும், ஓடுற ஆட்டத்துக்கு அத விட்டுடுங்க. காலைல ஏழு மணிக்குள்ள, மரத்தடில வைங்க.

அம்மா அப்பாகிட்ட கேட்டுட்டுதான் பெல்ட்ட கட்டணும், புள்ள வேணாம்னா அப்பவே கழட்டிடணும், இதுல பேச்சே கெடையாது.

சராசரிய மட்டும் பாக்காதீங்க. ஒம்பது வயசு பொண்ணு ஒருத்திக்கு ரெண்டு ஆட்டத்துலயும் சராசரி கிட்டத்தட்ட ஒன்னுதான், ஆனா வரிசை ஆட்டத்துல கோடு மெதுவா ஏறி அப்புடியே நின்னுச்சு, தெரியாத ஆட்டத்துல சட்டுனு ஏறி, கட்டம் எரியக் காத்துக்கிட்டு ஒத்தக் கால்ல நிக்கும்போது லேசா இறங்கி மறுபடி ஏறுச்சு, அவளுக்குப் புடிச்சதும் அதுதான். இந்த ஏத்த எறக்கம், உச்சம், எவ்ளோ வேகமா ஏறுது, எல்லாத்தையும் வீடியோவோட சேத்துப் பாருங்க. பெல்ட்ட கழட்டிட்டு போங்கன்னு சொன்ன பொறவு யார் யார் திரும்பி வந்து எந்த ஆட்டத்த கேக்குறாங்கன்னும் நோட்டுல குறிச்சுக்குங்க.