கை பழகிய மருந்தில்தான் தவறு நடக்கிறது: சீட்டு எழுதும்போது தவிர்க்க வேண்டியவை

அபூர்வமான மருந்து என்றால் மருத்துவர்கள் எல்லோருமே கையேட்டைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறோம். தினமும் எழுதுகிற மருந்துக்கு அப்படிப் பார்ப்பதில்லை. ஆனால் முதல்நிலை சிகிச்சையில் நோயாளியை மருத்துவமனையில் கொண்டுபோய்ச் சேர்க்கிற பாதிப்புகளில் திரும்பத் திரும்ப அடிபடுவது வலி மாத்திரை, நீர் மாத்திரை, ஆஸ்பிரின், ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து என்று நமக்கு நன்றாகத் தெரிந்தவைதான். பார்க்க வேண்டியது இவற்றைத்தான்.

ரொம்பச் சுலபமாக நடக்கிற தவறு, ஒரு மருந்தின் பக்க விளைவைப் புது நோய் என்று நினைத்து அதற்கும் மருந்து எழுதுவது. பிரஷருக்கு அம்லோடிபின் 10 மி.கி. சாப்பிடுகிறவர் கணுக்கால் வீக்கத்தோடு வருகிறார், அன்று பார்க்கும் மருத்துவர் ஃப்யூரோஸமைட் என்ற நீர் மாத்திரையை எழுதிவிடுகிறார். இந்த வீக்கம் உடம்பில் நீர் கூடியதால் வந்ததில்லை. சிறு தமனிகள் விரிந்து, தந்துகிகள் எனும் நுண்குழாய்களில் அழுத்தம் ஏறி, நீர் வெளியே கசிவதால் வருவது. அதனால் வீக்கம் பெரிதாக வற்றாது, யூரிக் அமிலம் மட்டும் ஏறும். அப்புறம் அந்த அமிலம் மூட்டில் படிந்து கால் பெருவிரல் வீங்கும், அதற்கு டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரை, அதனால் பிரஷர் மறுபடி ஏறும், ஆக அம்லோடிபினோடு இன்னொன்று. முதல் நாளே டோஸைக் குறைத்திருந்தாலோ மருந்தை மாற்றியிருந்தாலோ இவ்வளவும் தேவைப்பட்டிருக்காது. புதுத் தொந்தரவு எதுவானாலும், எந்த மாத்திரை ஆரம்பித்த பிறகு வந்தது என்று முதலில் கேளுங்கள்.

அடுத்தது சிறுநீரகம். பிரஷருக்கு எனாலாப்ரில் அல்லது லோசார்டன், கூடவே நீர் மாத்திரை, அதன் மேல் மூட்டு வலிக்கு ஐபுப்ரோஃபென்: இந்த மூன்றும் சேர்ந்தால், அதுவும் வாந்தி பேதியில் நீர்ச்சத்து குறைந்திருக்கும் நாளில், சிறுநீரகம் சட்டென்று செயலிழக்கலாம். வலி மாத்திரையை அவரே கடையில் வாங்கிச் சாப்பிட்டிருப்பார், சீட்டில் இருக்காது, கேட்டால்தான் தெரியும். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மினைப் பொறுத்தவரை, சிறுநீரக வடிகட்டல் அளவு (eGFR) நிமிடத்துக்கு 45 மி.லி.க்குக் கீழே போனால் டோஸை மறுபரிசீலனை செய்ய வேண்டும், 30-க்குக் கீழே நிறுத்த வேண்டும். ஒல்லியான வயதானவர்களிடம் இன்னொரு சிக்கல் உண்டு. ஆய்வக அறிக்கையில் வரும் அந்த எண் உண்மை நிலையைவிட நன்றாக இருப்பதுபோல் காட்டலாம். அபிக்சபான், டாபிகாட்ரான் மாதிரி ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளுக்கு எடையையும் சேர்த்துக் கணக்கிடும் காக்கிராஃப்ட்-கால்ட் சூத்திரத்தையே பயன்படுத்துங்கள்.

ஸ்பைரோனோலாக்டோன் என்ற நீர் மாத்திரை எடுப்பவருக்குச் சிறுநீர்த் தொற்றுக்காக டிரைமெத்தோபிரிம் என்ற ஆன்டிபயாடிக் எழுதினால் பொட்டாசியம் உயிருக்கு ஆபத்தான அளவுக்கு ஏறலாம். கொலஸ்ட்ராலுக்குச் சிம்வாஸ்டாடின் எடுப்பவருக்குக் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தால் தசை சிதையலாம். ஐந்து நாள் மருந்துதானே என்று இரண்டையும் லேசாக விட முடியாது.

எழுதும் விதத்திலும் ஆபத்து இருக்கிறது. மூட்டு வாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரு முறைதான். அதைத் தினமும் விழுங்கி இறந்தவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். 'வாரம் ஒரு முறை' என்பதோடு நிற்காமல் 'திங்கட்கிழமை மட்டும்' என்று கிழமையையும், எதற்கான மருந்து என்பதையும் எழுதுங்கள். 2.5 மி.கி. மாத்திரையும் 10 மி.கி. மாத்திரையும் ஒரே நோயாளியிடம் சேரவே கூடாது. 5.0 என்று எழுதினால் புள்ளி மறைந்து 50 ஆகிவிடும், வெறும் 5 போதும். குழந்தைக்கான பாராசிட்டமால் சிரப் 5 மி.லி.க்கு 120 மி.கி.யிலும் இருக்கிறது, 250 மி.கி.யிலும் இருக்கிறது. 'ஒரு ஸ்பூன்' என்று மட்டும் எழுதினால் டோஸ் இரட்டிப்பாக வாய்ப்புண்டு. எடைக்குக் கணக்கிட்ட மி.கி., எந்தச் செறிவு, எத்தனை மி.லி., மூன்றையும் எழுதுங்கள்.

சரி, எதைப் பார்த்து எழுதுவது? அலமாரியில் இருக்கும் பழைய பதிப்பையோ நிறுவனப் பிரதிநிதி தந்த மடிப்புத்தாளையோ நம்பாதீர்கள். ஆன்டிபயாடிக்குக்கு உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட அவேர் கையேடு இலவசமாகவே கிடைக்கிறது. எந்தத் தொற்றுக்கு எது, எத்தனை நாள், எதற்குத் தேவையே இல்லை என்று நேரடியாகச் சொல்கிறது. அசித்ரோமைசினும் சிப்ரோஃப்ளாக்சசினும் அதில் 'கவனத்துக்குரியவை' பிரிவில் இருப்பதை அவசியம் பாருங்கள், சாதாரணச் சளிக்கு எழுதும் மருந்துகளே இல்லை அவை. உங்கள் பகுதியில் எந்தக் கிருமி எந்த ஆன்டிபயாடிக்குக்குக் கட்டுப்படுவதில்லை என்ற நிலவரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதியவர்களுக்கு, தவிர்ப்பது நல்ல மருந்துகளைச் சொல்லும் பியர்ஸ் பட்டியல், எதை நிறுத்தலாம், எதை ஆரம்பிக்கலாம் என்று சொல்லும் ஸ்டாப்-ஸ்டார்ட் பட்டியல் இரண்டும் 2023-இல் புதுப்பிக்கப்பட்டவை. இவை தடைப்பட்டியல் இல்லை. ஏன் வேண்டாம் என்கிறது என்று படித்துவிட்டு, எதிரில் உட்கார்ந்திருப்பவருக்குப் பொருந்துமா என்று முடிவெடுங்கள்.

கடைசியாக, பழைய சீட்டை அப்படியே தொடர்வது. அவர் சாப்பிடுகிற எல்லா மாத்திரையையும் பையோடு கொண்டுவரச் சொல்லி, ஒவ்வொன்றையும் எதற்கு ஆரம்பித்தோம் என்று பாருங்கள். வருடக்கணக்கில் போகிற, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஓமெப்ரசோலுக்குப் பெரும்பாலும் காரணமே கிடைக்காது. நிறுத்தும்போது சில வாரம் அமிலம் கூடுதலாகச் சுரந்து நெஞ்செரிச்சல் வரலாம் என்று முன்பே சொல்லி, படிப்படியாகக் குறையுங்கள். சொல்லாமல் நிறுத்தினால் பழைய நோய் திரும்பிவிட்டது என்று நினைத்து அவரே மறுபடி வாங்கிச் சாப்பிட ஆரம்பித்துவிடுவார்.