கல்லறைத் தோட்டத்தில் கணக்குப் பாடம்: பிள்ளைகளுக்குத் தரவு அலசல் பழக்குவது எப்படி?

ஆறாவது முதல் எட்டாவது வரை படிக்கிற ஐந்து பிள்ளைகள் மாலையில் என்னிடம் கணக்குப் படிக்க வருகிறார்கள். சராசரி, இடைநிலை அளவு (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது), முகடு (அதிக முறை வருவது) மூன்றையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். எதை எப்போது பயன்படுத்துவது என்று கேட்டால்தான் முழிப்பார்கள். பாடப்புத்தகத்தில் எண்களை யாரோ அழகாக அடுக்கி வைத்துவிடுகிறார்கள், அவை எங்கிருந்து வந்தன என்று கேட்கவே தோன்றுவதில்லை. அதனால் போன நவம்பரில் மதுரையில் ஒரு பழைய கல்லறைத் தோட்டத்துக்கு அவர்களைக் கூட்டிப்போனேன். செலவு ஒரு நோட்டு, இரண்டு பென்சில்.

படி 1: அனுமதியும் நாளும்

பங்குத்தந்தையிடமோ சபை ஆயரிடமோ முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பிள்ளைகளின் வீட்டிலும் சொல்லுங்கள். "பச்சைப் பிள்ளைகளை அங்கே ஏன் கூட்டிப்போறீங்க?" என்று ஒரு பாட்டி என்னிடம் சண்டைக்கே வந்தார். கடைசியில் அவரும் கூடவே வந்தார். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய கற்களில் ணை, லை, றா, னா எல்லாம் பழைய வடிவில் இருக்கும். பிள்ளைகள் தடுமாறிய இடத்தில் வாசித்துச் சொன்னவர் அவர்தான்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அன்றைக்குப் போகாதீர்கள், அது அழ வருகிறவர்களின் நாள். அடுத்த வாரம் போங்கள். புல் செதுக்கி, வெள்ளையடித்து, எழுத்துக்கு மை தீட்டியிருப்பார்கள். மழைக்காலம் என்பதால் பேனா வேண்டாம், பென்சில்தான்.

படி 2: கட்டம் போடுங்கள்

வரிசை எண், பிறந்த தேதி, இறந்த தேதி, ஆணா பெண்ணா, கல்லில் வயது வெட்டியிருந்தால் அது. இவ்வளவு போதும். பெயர் எழுத வேண்டாம். நமக்கு வேண்டியது எண்கள், இன்னொரு குடும்பத்தின் துக்கம் நம் நோட்டில் பெயரோடு இருக்க வேண்டியதில்லை.

எதைக் குறிப்பது என்பதே பெரிய முடிவு என்று இங்கே சொல்லிக்கொடுக்கலாம். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழ்ப் பிராமி நடுகல்லை நான் உதாரணம் காட்டினேன். அதில் இறந்தவன் பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, ஆகோளில், அதாவது ஆநிரை கவர்ந்த சண்டையில், இறந்தான் என்ற காரணமும் இருக்கிறது. ஆண்டு மட்டும் இல்லை. நம் காலத்துக் கல்லில் பெரும்பாலும் இரண்டு தேதியும் இருக்கும், காரணம் இருக்காது.

படி 3: இரண்டு இரண்டு பேராகக் குறியுங்கள்

ஒருவர் வாசிக்க, ஒருவர் எழுத வேண்டும். பிறகு இடம் மாறிச் சரிபார்க்க வேண்டும். நாற்பது கல் போதும். ஓர் ஓரத்திலிருந்து வரிசை விடாமல் போகச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பளிங்குக் கல்லாகப் பார்த்து ஓடுவார்கள். குடும்பக் கல்லறையில் ஒரே கல்லில் மூன்று பேர் இருந்தால் நோட்டில் மூன்று வரி. எழுத்து மங்கியிருந்தால் மாவு, சாக்பீஸ் எதையும் தேய்க்காதீர்கள். ஒரு கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் அடித்தால் எழுத்து தானாக எழுந்து வரும்.

படி 4: சுத்தம் செய்யுங்கள்

வீட்டுக்கு வந்ததும் முதலில் தப்பு தேடுகிற வேலை. எங்கள் நோட்டில் ஒருவர் 1196இல் பிறந்திருந்தார்! 1916 என்பதன் இடம் மாறிய எண். அமெரிக்க மிஷன் என்ற கிறிஸ்தவ ஊழிய அமைப்பு மதுரையில் வேலையைத் தொடங்கியதே 1834இல்தான். அந்த வழிவந்த சபையின் தோட்டத்தில் அதற்கு முந்தைய இறந்த ஆண்டு எழுதப்பட்டிருந்தால் கல்லைத் திரும்பப் போய்ப் பாருங்கள்.

வயதைக் கணக்கிடும்போதும் கவனம். 1931 டிசம்பரில் பிறந்து 2004 மார்ச்சில் இறந்தவருக்கு வயது 73 அல்ல, 72. அந்த ஆண்டுப் பிறந்தநாள் இன்னும் வரவில்லையே.

எக்செலில் ஏற்றுவதானால் நாள், மாதம், ஆண்டு மூன்றையும் தனித்தனிப் பத்தியில் போடுங்கள். 1900க்கு முந்தைய தேதியை அது தேதியாகவே ஏற்காது. நான் முதல் நாள் கணினியைத் தொடவே விடமாட்டேன். கையால் கூட்டினால்தான் எண் மனசில் நிற்கும்.

படி 5: சராசரியா, இடைநிலை அளவா?

ஒரு பேச்சுக்கு ஏழு வயதுகள்: 3, 58, 64, 67, 71, 74, 83. கூட்டினால் 420, சராசரி 60. நடுவில் நிற்பது, அதாவது இடைநிலை அளவு, 67. இப்போது அந்த 3ஐ எடுத்துவிடுங்கள். சராசரி 69.5க்குத் தாவுகிறது, இடைநிலை அளவு 69க்குத்தான் (நடுவில் நிற்கும் 67, 71 இரண்டின் சராசரி) நகர்கிறது. ஒரே ஒரு குழந்தை சராசரியை ஒன்பதரை வருஷம் கீழே இழுத்திருக்கிறது. இதைச் சொன்னதும் அறை கொஞ்ச நேரம் அமைதியாகிவிட்டது. ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தோம்.

படி 6: படம் வரையுங்கள்

பத்து பத்து வயதாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை பேர் என்ற நிகழ்வெண் பட்டியல், அதிலிருந்து ஒட்டி ஒட்டி நிற்கும் பட்டைகளாக நிகழ்வுச் செவ்வகம். வயதுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால் 60, 65, 70, 75இல் கூட்டம் சேர்ந்திருக்கலாம். எமனுக்கு ஐந்தாம் வாய்ப்பாடு பிடிக்கும் என்று அர்த்தமில்லை. பிறந்த தேதி பதியாத காலத்துப் பெரியவர்களுக்கு வீட்டார் குத்துமதிப்பாகச் சொன்ன வயது அது. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் நாடு முழுக்க ஒரே மாதிரியாக வந்ததே 1969இல். இரண்டு தேதியும் உள்ள கற்களைத் தனியாக வரைந்து, வயது மட்டும் உள்ளவற்றோடு ஒப்பிடச் சொல்லுங்கள்.

படி 7: பெரிய பொறி

எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் பிறந்த ஆண்டை வைத்துப் பிரித்துவிட்டு ஓடிவந்தான். "டீச்சர், 1990க்கு அப்புறம் பிறந்தவங்க எல்லாருமே சின்ன வயசுலேயே செத்திருக்காங்க. போன் பார்த்துத்தானா?"

"நான் அப்பவே சொன்னேன்ல" என்றார் பாட்டி.

அவர்களை யோசிக்கவிட்டேன். 1990இல் பிறந்தவருக்கு இன்றைக்கு அறுபது ஆக வழியே இல்லை. அவர் வயதுக்காரர்களில் பெரும்பாலோர் இந்நேரம் டவுன்ஹால் ரோட்டில் டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். சீக்கிரம் போனவர்கள் மட்டுமே நம் பட்டியலுக்குள் வந்திருக்கிறார்கள். ஆகவே பிறந்த ஆண்டால் பிரிக்காமல், இறந்த ஆண்டால் பிரியுங்கள். இதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கும்வரை வாயைத் திறக்காதீர்கள்.

படி 8: பட்டியலில் யார் இல்லை?

மதுரையின் தத்தனேரி மயானத்தில் எரியூட்டப்படுகிற பெரும்பாலோருக்குக் கல்லே கிடையாது. தோட்டத்துக்குள்ளேயும் பின்சுவர் ஓரமாக வெறும் மண்மேடுகள் இருந்தன. "அதெல்லாம் கல் வைக்க வசதியில்லாதவங்க, பாப்பா. சின்னக் குழந்தைகளும் உண்டு" என்றார் காவல்காரத் தாத்தா. அப்படியானால் நாம் போட்ட இடைநிலை அளவு ஊருடையதா, கல் வைக்க முடிந்தவர்களுடையதா? படத்தின் தலைப்பில் 'மதுரை மக்களின் வயது' என்று எழுதியிருந்த ஏழாம் வகுப்புப் பிள்ளை, ரப்பரை எடுத்து அழித்துவிட்டு 'கல் உள்ளவர்கள் மட்டும்' என்று எழுதினாள். அடுத்த ஞாயிறு திரும்பப் போய் மேடுகளை எண்ணி வந்தோம். வயதுக் கட்டத்தில் கோடு, எண்ணிக்கை மட்டும் படத்தின் அடியில்.